கதீஜா தர மறுத்த பதினோரு படங்கள்

கதீஜா பன்னிரண்டு வருடம் உட்லண்ட்ஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தகட்டில் கீறல் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் வேலை. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஷிஃப்ட் ஒத்துவராமல் போனது. வேலையை விட்டாள். கைவசம் ஒரு கேமரா இருந்தது. மணப்பெண்ணின் அறைக்குள் ஆண் போட்டோகிராபர் வரவேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் ஊரில் நிறைய இருந்தன. ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டார் கூப்பிட்டார்கள். இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. டன்லப் ஸ்திரீட்டில் ஒரு தையல்கடைக்கு மேலே சின்ன அறை ஒன்று வைத்திருக்கிறாள். வீடு ஈசூனில். கணவர் சாகுல் ஹமீது பேருந்து ஓட்டுகிறார்.

எடிட் செய்யாத ஒரிஜினல் ஃபைல்களைக் கொடுப்பதில்லை என்பது அவளுடைய ஒப்பந்தத்தில் நான்காவது வரி. மற்ற போட்டோகிராபர்களும் இதைத்தான் சொல்வார்கள். வேகாத சோற்றை யாராவது பந்தியில் வைப்பார்களா என்பது அவர்கள் கேள்வி. கதீஜாவின் காரணம் வேறு. தொழிலுக்கு வந்த முதல் வருடம், மணப்பெண்ணின் அண்ணன் கேட்டான் என்று, எடுத்ததையெல்லாம் அப்படியே ஒரு தம்ப்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டாள். பெண்கள் அறையில் தலைத்துணி இல்லாமல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மாமியின் படமும் அதில் இருந்தது. ஒரே வாரத்தில் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது. அந்த மாமி கதீஜாவைத் திட்டவில்லை. "நீ பொம்பளைன்னுதானே கதவைத் திறந்தோம்" என்று மட்டும் கேட்டார். அதற்கடுத்த வாரம் நான்காவது வரி ஒப்பந்தத்தில் ஏறியது.

அஃப்னானுக்கும் யும்னாவுக்கும் நிக்காஹ் நடந்தது ஒரு சனிக்கிழமை காலை, சுவா சூ காங்கில், பெண் வீட்டில். நாற்பது பேருக்குள் அடங்கிய நிகழ்ச்சி. ஆண்கள் பக்கத்தையும் சேர்த்து கதீஜா ஒருத்தியே எடுப்பதாகப் பேச்சு. வலிமா விருந்து ஏழு வாரம் கழித்து, மண்டபத்தில். புது வீட்டில் ரெனவேஷன் முடியாததால் அதுவரை பெண் தாய்வீட்டிலேயே இருப்பது, வலிமா முடிந்துதான் குடித்தனம் என்று இரண்டு வீட்டாரும் முடிவு செய்திருந்தார்கள். மாப்பிள்ளை அஃப்னான் சாங்கியில் விமானம் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். யும்னா தொடக்கப்பள்ளி ஆசிரியை. கதீஜாவை அமர்த்தியதும், பணம் கட்டியதும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் அஃப்னான்தான்.

அன்று ஒன்பதே முக்காலுக்கு, அலங்காரம் முடிந்த நேரத்தில், யும்னா அறையிலிருந்த பெண்களையெல்லாம் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினாள். கதீஜாவை மட்டும் இருக்கச் சொன்னாள். பிறகு தலையில் இருந்த முடியை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். பூச்சரம் குத்தியது குத்தியபடி இருந்தது.

டோப்பா. கதீஜா அதை எதிர்பார்க்கவில்லை. யும்னாவின் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று இடங்கள் வழுவழுவென்று இருந்தன. பின்மண்டையில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை. புழுவெட்டு.

"நாலு மாசமாச்சு ராத்தா. டாக்டர் திரும்ப வளரலாங்கறாரு. வளராமயும் போகலாமாம். மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க ரூம்க்குள்ள வந்து பாப்பாங்கன்னு உம்மா இதை வாங்கிட்டு வந்துட்டாங்க."

கதீஜா கட்டிலில் இருந்த டோப்பாவைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எடுக்கிற எல்லாப் படத்துலயும் நான் வேற ஆளா இருப்பேன். ஒண்ணுலயாவது நானா இருக்கணும். எடுங்க."

ஜன்னல் ஓரம் உட்காரவைத்துக் கதீஜா எடுத்தாள். பதினோரு படம். யும்னா சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள். கடைசிப் படத்தை எடுத்து முடித்துக் கேமராவை இறக்கும்போதுதான் கதீஜா கேட்டாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

யும்னாவின் பார்வை தாழ்ந்தது. "சொல்லிடறேன். வலிமாக்கு முந்தி நானே சொல்லிடறேன் ராத்தா. நீங்க இதை வச்சிருங்க. நான் கேக்கறப்ப குடுங்க. வேற யாருக்கும் குடுக்காதீங்க."

"இப்பவே சொன்னா என்ன? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே" என்று கதீஜா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது. அஃப்னானின் தங்கை அனம். "மதினி! ஏன் பூட்டிட்டீங்க? ஓப்பன் லா!"

கதீஜா டோப்பாவை எடுத்துக் கொடுத்தாள். கொக்கிகளை மாட்ட அவளே உதவினாள்.

பதினொன்றே காலுக்குக் நிக்காஹ் நடத்திவைக்கும் காதி பதிவேட்டை நீட்ட, அஃப்னான் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தான். மனசுக்குள் ஒன்றுமில்லாதவனின் சிரிப்பு. அதையும் கதீஜா எடுத்தாள்.

இரண்டு வாரத்தில் நானூற்று இருபது படங்களை எடிட் செய்து அனுப்பினாள். நன்றாக இருக்கிறது என்று அஃப்னான் உடனே செய்தி அனுப்பினான். அடுத்த வாரம் போன் செய்தான்.

"ராத்தா, வலிமா அன்னைக்கு ஹால்ல பெரிய ஸ்கிரீன்ல ஓட்டறதுக்கு என் ஃப்ரெண்டு ஒரு வீடியோ செய்யறான். அவனுக்கு ஒரிஜினல் எல்லாம் வேணுமாம். எடிட் பண்ணாதது. ஒரு ஹார்டு டிஸ்க் கொண்டு வரட்டுமா?"

"ஒரிஜினல் குடுக்கறதில்லை தம்பி. ஒப்பந்தத்துலயே போட்டிருக்கேன். வீடியோவுக்கு எது வேணும்னு சொல்லுங்க, அதைப் பெரிய சைஸ்ல அனுப்பறேன்."

"அதெல்லாம் பொதுவா எல்லாரும் போடறதுதானே. எனக்குக் குடுங்க."

"இல்ல தம்பி."

அவன் சரி என்று வைத்துவிட்டான். கதீஜா உடனே யும்னாவை அழைத்தாள். சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். இந்த வாரம் சொல்கிறேன் என்றாள் யும்னா. அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு மதியம் அஃப்னான் நேரில் வந்தான். வேலை முடிந்து நேராக வந்திருந்தான். சட்டைப்பையில் விமான நிலைய அட்டை தொங்கியது. உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. அவனிடம் கோபம் தெரியவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கைப்பேசியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"நீங்க அனுப்பின ஃபைல்ல எல்லாம் எடுத்த நேரம் இருக்கு. காலையில ஏழு நாப்பதுலேர்ந்து நிமிஷத்துக்கு ஒரு படமாவது இருக்கு. ஒம்போது நாப்பத்தெட்டுலேர்ந்து பத்து பதினஞ்சு வரைக்கும் ஒண்ணுமே இல்ல. அந்த நேரத்துல கதவு பூட்டி இருந்துச்சுன்னு என் தங்கச்சி சொல்றா. உள்ள நீங்களும் யும்னாவும்தான்."

"மணப்பொண்ணுக்குக் கொஞ்சம் தனிமை வேணும்னு இருக்கும் தம்பி."

"படம் எடுத்தீங்களா, இல்லையா?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு நொடிதான் இருந்தது. "எடுத்தேன்."

"நான் பாக்கணும்."

"முடியாது."

"ராத்தா, நான் பிளேன் செக் பண்றவன். எங்க வேலையில புதுசா பெயின்ட் அடிச்ச இடத்தைத்தான் முதல்ல சுரண்டிப் பாப்போம். நல்லா இருக்கிற இடத்துல யாரு பெயின்ட் அடிப்பா?" குரலைத் தாழ்த்தினான். "அவ யார்கிட்டயாவது போன்ல பேசினாளா? அழுதாளா? இந்தக் கல்யாணம் வேணாம்னு சொன்னாளா?"

கதீஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முடியைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. வேறொரு ஆண் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். எத்தனை நாளாக நினைக்கிறானோ.

"அப்படி ஒண்ணும் இல்ல தம்பி. அல்லாஹ் மேல ஆணையா அப்படி இல்ல."

"அப்ப எப்படி?"

அவன் கைப்பேசியை எடுத்துக்கொண்டான். "காசு கொடுத்தது நான். என் பொண்டாட்டி படம். உங்ககிட்ட இருக்கு, என்கிட்ட இல்ல. இது எந்த ஊரு நியாயம்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினான்.

இரண்டு நாள் கழித்து, கல்யாணம் செய்யப்போகும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் அவன் எழுதினான். கதீஜாவின் ஸ்டூடியோ பெயரைப் போட்டு, நடந்ததை மிகைப்படுத்தாமல் எழுதியிருந்தான்: கேட்டேன், மறுத்தார்கள், எடுத்த படங்களை மறைக்கிறார்கள். கீழே இருநூறு பேர் சண்டை போட்டார்கள். காசு வாங்கினால் ஒரிஜினலைக் கொடுக்க வேண்டியதுதானே என்றார்கள் பாதிப்பேர். போட்டோகிராபர்கள் கூடிவந்து கதீஜாவுக்காகப் பேசினார்கள், ஓவியரிடம் போய்ப் பென்சில் கோட்டைக் கேட்பார்களா என்று. அவர்கள் தனக்காகப் பேசப் பேச அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் மறுத்தது தன் கலையைக் காப்பாற்றுவதற்காக அல்ல. அவள் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. டிசம்பரில் நடக்கவிருந்த ஒரு கல்யாண வீட்டார் மரியாதையாக விலகிக்கொண்டார்கள்.

சாகுல் ஹமீதுக்கு விஷயம் டிப்போவில் ஒருவர் சொல்லித் தெரியவந்தது.

"அப்படி என்னதான் கதீஜா இருக்கு அதுல?"

"சொல்லக் கூடாதுங்க."

"எனக்குமா?"

"உங்களுக்கும்."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சற்று நேரம் அவளைப் பார்த்தார். "குடுத்துத் தொலைச்சிட்டு நிம்மதியா இரேன். அவங்க புருஷன் பொண்டாட்டி. நாளைக்கே சேர்ந்துப்பாங்க. நடுவுல நீ ஏன் அடி வாங்குறே?" என்றார். அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு அது வலித்தது.

அன்று மாலை யும்னாவிடமிருந்து செய்தி வந்தது. 'ராத்தா, அந்தப் படங்களை டெலீட் பண்ணிடுங்க. எதுவும் இல்லன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. உம்மாவும் அதான் சொல்றாங்க. ப்ளீஸ்.'

கதீஜா கணினியைத் திறந்தாள். பதினோரு படங்களையும் தேர்ந்தெடுத்தாள். அழித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு யோசித்தாள். எடுத்தேன் என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது. இனி இல்லை என்றால், அவன் மனதில் இருக்கும் அந்த ஆணுக்கு உருவம் வந்துவிடும். யும்னா நாளைக்கு உண்மையைச் சொன்னாலும், 'அந்தப் படம் எங்கே, காட்டு' என்று கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. ரகசியத்தைக் காப்பாற்றப்போய்ப் பெண்ணைக் கெடுத்ததாகிவிடும். அழிக்கவில்லை.

யும்னாவை அழைத்தாள். "சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஸ்டூடியோக்கு வா. மூணு மணிக்கு நான் அவரை வரச் சொல்லப்போறேன்."

"ராத்தா, வேணாம் ராத்தா…"

"அவரு என்ன நினைச்சுக்கிட்டிருக்காருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுக் கதீஜா அதைச் சொன்னாள். ரெண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி யும்னா போனை வைத்தாள்.

சனிக்கிழமை யும்னா ஒன்றரைக்கே வந்துவிட்டாள். டோப்பாவின் மேல், தலையை மூடும் துடோங்கை இறுக்கிச் சுற்றியிருந்தாள். கதீஜா பதினோரு படங்களையும் திரையில் போட்டாள். எடுத்த நாளிலிருந்து யும்னா அவற்றைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழாவது படத்தில் நிறுத்தினாள்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"இப்படித்தான் இருக்கே. ஒரு புள்ளிகூட நான் தொடலை."

கதீஜா ஒரு தம்ப்டிரைவை அவள் கையில் வைத்தாள். "இதுல அந்தப் பதினொண்ணு மட்டும் இருக்கு. இது எனக்குச் சொந்தமில்ல. காசு கொடுத்தாருங்கிறதுக்காக அவருக்கும் சொந்தமில்ல. உன்னோடது. நீ என்ன செய்யணுமோ செய்."

"நீங்களே அவர்கிட்ட குடுத்துடுங்க ராத்தா. நான் கீழ நிக்கறேன்."

"அது என்னால முடியாதும்மா."

மூன்று மணிக்கு அஃப்னான் வந்தான், கூடவே அனம். உள்ளே மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். எதையோ கேட்கத் தயாராக வந்தவன், அது நிஜமாகவே நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் பயந்துவிட்டது போலிருந்தது.

"அனம், நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள் யும்னா. குரல் உடைந்தது, ஆனாலும் சொல்லி முடித்தாள்.

கதீஜாவும் அனமும் படிக்கட்டில் நின்றார்கள். கீழே தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. உள்ளே பேச்சு கேட்கவில்லை. அனம் நகத்தைக் கடித்தாள்.

"ராத்தா, எங்க அண்ணன் ஒரு மாசமா சரியா சாப்பிடலை. அட்லீஸ்ட் எனக்குச் சொல்லுங்க லா, மதினிக்கு வேற யாரும் இருக்காங்களா?"

"இல்லம்மா."

"ஷுவரா?"

"ஷுவர்."

இருபது நிமிடம். ஒரு முறை யும்னாவின் அழுகை கேட்டது. ஒரு முறை நாற்காலி தரையில் உரசும் சத்தம். கதீஜாவுக்கு உள்ளே ஓடலாமா என்றிருந்தது. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. அஃப்னான் தனியாக வந்தான். கண்கள் சிவந்திருந்தன. தங்கையைப் பார்க்காமல் கதீஜாவின் முன்னால் வந்து நின்றான்.

"முடிதானே. முடி கொட்டினா என்ன ராத்தா? நான் ஓடிப்போயிருப்பேனா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "நிக்காஹுக்கு முந்தியே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் கையெழுத்துப் போடறதை நீங்கதான் படம் எடுத்தீங்க."

"ஆமா தம்பி."

"எல்லாருக்கும் தெரியும். அவங்க உம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டவனுக்குத் தெரியாது."

மன்னிப்புக் கேட்கலாமா என்று கதீஜா நினைத்தாள். எதற்கென்று கேட்பது? படத்தைக் கொடுக்காததற்கா, அந்த ஒரு மணி நேரத்தில் வாயைத் திறக்காததற்கா? அவள் முடிவு செய்வதற்குள் அவன் இறங்கிப் போய்விட்டான். அனம் பின்னாலேயே ஓடினாள்.

உள்ளே யும்னா டோப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்ப்டிரைவ் மேஜைமேல் கிடந்தது.

"காட்டலை ராத்தா. துணியையும் இதையும் எடுத்துட்டு நேராவே காட்டிட்டேன்" என்றாள்.

அதன் பிறகு நான்கு நாட்கள் ஒரு தகவலும் இல்லை. யும்னாவின் உம்மா சம்சுன்னிசா மட்டும் போன் செய்து, "வலிமாக்கு ஒரு வாரம் இருக்கறப்ப எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே" என்று அழுதார். கதீஜா கேட்டுக்கொண்டிருந்தாள். தான் செய்தது சரியென்று தோன்றிய நேரமும் உண்டு. சாகுல் சொன்னதுபோல் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் முட்டவிட்டுவிட்டோம் என்று தோன்றிய நேரமும் உண்டு. ஐந்தாம் நாள் ஃபேஸ்புக் குழுவில் இருந்த பதிவு காணாமல் போயிருந்தது. விளக்கமோ மன்னிப்போ ஒன்றும் இல்லை.

வலிமா குறித்த தேதியில் நடந்தது. படம் எடுக்க வேறொரு பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். அன்று முழுக்க கதீஜா வீட்டில் பீரோவை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து யும்னா அழைத்தாள். புது வீட்டுக்குப் போய்விட்டார்களாம். டோப்பாவைத் தூக்கிப்போட்டுவிட்டாளாம். மருத்துவமனைக்கு அஃப்னான்தான் லீவு போட்டுக் கூட்டிப் போகிறானாம்.

"நல்லா வச்சிருக்காரு ராத்தா. ஆனா அப்பப்ப ஒண்ணு கேக்கறாரு. 'வேற ஏதாச்சும் எனக்குத் தெரியாம இருக்கா?'ன்னு. சும்மா, சாப்பிட்டுக்கிட்டே கேப்பாரு. அதுக்குத்தான் எனக்குப் பதில் சொல்லவே வரமாட்டேங்குது."

"படத்தைப் பார்த்தாரா?"

"இன்னும் இல்ல. நான் குடுக்கறப்ப பாக்கறேன்னாரு. நானும் இன்னும் குடுக்கலை."

கதீஜாவிடம் இருக்கும் பிரதியை அழித்துவிடச் சொல்லி யும்னா கேட்டாள். இம்முறை கதீஜா அழித்தாள்.

ஒப்பந்தத்தின் நான்காவது வரியையும் மாற்றி எழுதினாள். ஒரிஜினல் ஃபைல்களை யார் பணம் கட்டினாலும் மொத்தமாகக் கொடுப்பதில்லை. ஆனால் படத்தில் இருப்பவர் தன் படத்தைக் கேட்டால், எடிட் செய்யாததையும் அவர் கையிலேயே கொடுப்பாள். இதைக் கேள்விப்பட்ட போட்டோகிராபர்கள் சிரித்தார்கள். ஒரு கல்யாணத்தில் முந்நூறு முகம் இருக்கும், ஒவ்வொருவருக்கும் தனியாகக் கடை திறப்பாயா என்றார்கள். இதுவரை நான்கு பேர்தான் கேட்டிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா மார்க்கெட்டில் கதீஜா ஆட்டிறைச்சிக்கு வரிசையில் நின்றபோது, பின்னால் யாரோ ஸலாம் சொன்னார்கள். திரும்பினாள். அஃப்னான். கையில் கீரைக்கட்டும் ஒரு தேங்காயும் இருந்தன. பதில் ஸலாம் சொல்லி, யும்னா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"நல்லா இருக்கா. ஒரு பக்கம் கொஞ்சம் வளருது."

"அல்ஹம்துலில்லாஹ்."

வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவன் போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை.

"உங்க மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு ராத்தா."

"இருக்கட்டும் தம்பி" என்றாள் கதீஜா.

அவன் தலையசைத்தான். எத்தனை கிலோ வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். அவள் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவன் மீன் கடைகள் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.